பழைய பிக்கப்பின் ஸ்டீயரிங் ஏன் முனகுகிறது?

ஜீயபுரத்தில் வாழைத்தார் ஏற்றிக் கரூர் சாலைக்குத் திரும்பும் பழைய பிக்கப் சில நேரம் முனகும். ஸ்டீயரிங் கல்லாய்க் கனக்கும். ஏன்?

ஹைட்ராலிக் பவர் ஸ்டீயரிங்கில், எஞ்சின் பெல்ட் சுழற்றும் பம்ப் ஆயிலை அழுத்தி அனுப்புகிறது. ஸ்டீயரிங்கைத் திருப்பினால் உள்ளிருக்கும் மெல்லிய எஃகுக் கம்பி லேசாக முறுகி, வால்வைத் திறக்கும். ஆயில் பிஸ்டனின் ஒரு பக்கம் பாய்ந்து சக்கரத்தைத் திருப்ப உதவும். அமெரிக்கப் பொறியாளர் பிரான்சிஸ் டேவிஸ் 1926-இல் செய்துகாட்டிய ஹைட்ராலிக் பவர் ஸ்டீயரிங், 1951-இல் கிரைஸ்லர் இம்பீரியல் காரில் விற்பனைக்கு வந்தது.

ஆயில் எளிதில் சுருங்காது, காற்று சுருங்கும். ஆயில் குறைந்தோ ஹோஸ் தளர்ந்தோ காற்று புகுந்தால், பம்ப்பின் உழைப்பு குமிழிகளை நசுக்குவதில் வீணாகும். முனகலும் அதனால்தான்.

எப்படிச் சரிசெய்வது?

முதலில் ஆயில் டப்பாவைத் திறந்து பாருங்கள். நுரைத்து வெளுத்திருந்தால் காற்று புகுந்திருக்கிறது. பெல்ட்டின் இறுக்கத்தையும் ஹோஸ் கிளிப்புகளையும் சரிபாருங்கள். கசிவை அடைத்தபின் முன்சக்கரங்களைத் தூக்கி, உறுதியான ஸ்டாண்டில் நிறுத்துங்கள். ஜாக்கியை மட்டும் நம்பக் கூடாது. வண்டிக்குரிய ஆயிலை ஊற்றி, எஞ்சினை அணைத்த நிலையிலேயே ஸ்டீயரிங்கை இருபுறமும் கடைசிவரை மெதுவாகத் திருப்புங்கள். குமிழி வருவது நிற்கும்வரை ஆயில் மட்டம் குறையாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

எஞ்சின் ஓடும்போது ஹோஸைக் கையால் தடவிப் பார்க்கவே வேண்டாம். உள்ளே அழுத்தம் 70 பாருக்கு மேலும் ஏறும். ஆயில் மீண்டும் குறைந்தால் சீல் போயிருக்கலாம். மெக்கானிக்கிடம் காட்டிய பிறகே பாரம் ஏற்றுங்கள்.