28 நாள் என்ற கணக்கு எங்கிருந்து வந்தது?

"நாளையோடு 28 நாள் முடிகிறது. குப்பியில் பாதி மருந்து அப்படியே இருக்கிறது. கொட்டிவிடவா, தீரும்வரை போட்டுக்கொள்ளவா?" இன்சுலின் போடுபவர்களிடமிருந்து வந்த கடிதங்களில் பெரும்பாலானவை இதையே கேட்கின்றன. அட்டைப்பெட்டியில் அடுத்த ஆண்டுத் தேதி இருக்கிறது. மருந்துக்கடைக்காரரோ ஒரு மாதம்தான் என்கிறார்.

அச்சிட்ட தேதி, ஊசி படாமல் குளிரில் இருந்த குப்பிக்கு. முதல் ஊசி ரப்பரைத் துளைத்த நாளிலிருந்து கணக்கே வேறு. ஆனால் ஏன் 28? பலரும் மருந்து கெட்டுப்போகும் நாள் அது என்று நினைக்கிறார்கள். அது ஒரு சோதனை நடக்கும் காலம்.

இன்சுலின் குப்பியைத் திறந்ததும் ஓர் ஆஸ்பத்திரி வாடை வரும் அல்லவா? கிருமி வளராமல் இருக்கச் சேர்க்கும் மெட்டாகிரெசால், பீனால் ஆகியவற்றின் வாடை அது. இவை வேலை செய்கின்றனவா என்று பார்க்க, மருந்தில் வேண்டுமென்றே கிருமிகளைக் கலக்கிறார்கள். ஸ்டெபிலோகாக்கஸ், சூடோமோனாஸ், ஈ.கோலை, இரண்டு வகைப் பூஞ்சை. ஒரு மில்லி லிட்டருக்கு ஒரு லட்சம் முதல் பத்து லட்சம் வரை. 7ஆம் நாள் பாக்டீரியா பத்தில் ஒன்றாகவும், 14ஆம் நாள் ஆயிரத்தில் ஒன்றாகவும் குறைந்திருக்க வேண்டும். அதன்பின் 28ஆம் நாள் வரை கூடக் கூடாது. பூஞ்சை பெருகாமல் இருந்தாலே தேர்ச்சி. அதோடு சோதனை முடிந்தது. தயாரிப்பாளர் வேறு சொல்லாவிட்டால் திறந்த குப்பிக்கு 28 நாள் என்று அமெரிக்க மருந்து விதிநூல் வைத்திருப்பது இந்தச் சோதனையை ஒட்டித்தான். 29ஆம் நாள் என்ன ஆகும் என்று அங்கே யாரும் பார்க்கவில்லை.

அப்படியானால் தாண்டிப் போகலாமே என்று தோன்றும். எனக்கு அச்சம் மறுபக்கத்தில். சோதனையில் கிருமி உள்ளே போவது ஒரே ஒரு முறை, தொடக்கத்தில். வீட்டில் நாளுக்கு இரண்டு வேளை என்றால் 28 நாளில் 56 முறை ஊசி ரப்பரைத் துளைக்கிறது. சோதனைக் குப்பி இருப்பது 20 முதல் 25 டிகிரியில். நம் சமையலறை அலமாரி மே மாதத்தில் அப்படியா இருக்கிறது? "அறை வெப்பம்" என்று லேபிள் சொல்லும்போது எந்த ஊர் அறை என்று கேட்கத் தோன்றுகிறது. எனவே குறித்திருக்கும் நாள் கணக்கை ஒரு மேல்வரம்பாக மதியுங்கள். கிளார்ஜின் 28 நாள், டெடெமிர் 42, டெக்லுடெக் 56 என்று வகைக்கு வகை மாறும் என்பதால், உள்ளே மடித்து வைத்திருக்கும் தாளில் உள்ள எண்ணே உங்கள் எண்.

இதைவிட என்னை உறுத்துவது ஓர் எளிய பெருக்கல். நம் நாட்டில் புழங்கும் குப்பி 10 மில்லி லிட்டர், ஒவ்வொரு மில்லியிலும் 40 யூனிட், மொத்தம் 400. நாளுக்கு 8 யூனிட் போடும் ஒரு பாட்டி 28 நாளில் 224 யூனிட் எடுத்திருப்பார், 176 மிச்சம். பணம் கொடுத்து வாங்கியதைக் கொட்ட அவருக்கு மனம் வருமா? நாள் வரம்பை அச்சிடுபவர்கள் குப்பியின் அளவையும் அவரைப் போன்றவர்களை நினைத்து முடிவு செய்திருக்க வேண்டும். குறைந்த அளவு போடுபவர்கள், 300 யூனிட் கொண்ட 3 மில்லி கார்ட்ரிட்ஜ் பேனா பொருந்துமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். ஆனால் அது மில்லிக்கு 100 யூனிட் மருந்து. சிவப்பு மூடி போட்ட 40 யூனிட் சிரிஞ்சால் அதிலிருந்து எடுத்தால் அளவு இரண்டரை மடங்காகிவிடும்.

பிரிட்ஜ் இல்லாதவர்களுக்கு ஓர் ஆறுதல். கென்யாவின் டகஹலே அகதி முகாம் வெப்பநிலையை ஒட்டி, 25க்கும் 37 டிகிரிக்கும் இடையே நான்கு வாரம் வைத்த இன்சுலின் வீரியம் இழக்கவில்லை என்று 2021இல் வெளியான ஆய்வு காட்டியது. ஈர மணலில் வைத்த மண்பானை இன்னும் நல்லது. ஆனால் வீரியம் வேறு, கிருமி வேறு.

மற்ற கேள்விகள். திறந்ததை பிரிட்ஜில் வைத்தால் நாள் கூடுமா? தாளில் அப்படிச் சொல்லியிருந்தால் ஒழிய, கூடாது. உறைந்து உருகியதைப் போடலாமா? கூடவே கூடாது. தெளிந்த இன்சுலின் கலங்கினால், பால்நிற இன்சுலின் உருட்டியும் கட்டியாகவே இருந்தால்? நாள் பார்க்காமல் எறியுங்கள். ஒருமுறைக்கு மட்டும் என்று எழுதிய குப்பியில் மிச்சம் இருந்தால்? கிருமித் தடுப்பு அதில் சேர்ப்பதில்லை, அடுத்தவருக்கு அது ஆகாது. தட்டம்மை, பிசிஜி தடுப்பூசிகள்? கலந்ததிலிருந்து 4 மணி நேரம். 2017இல் தெற்கு சூடானில் கலக்கும் ஊசிக்குழல் ஒன்றையே நான்கு நாள் முகாம் முழுக்கப் பயன்படுத்தியதில், குளிர் வசதியும் இல்லாத இடத்தில், 15 குழந்தைகள் இறந்தன. திறந்த தேதியை எங்கே எழுதுவது? பெட்டியைத் தூக்கிப் போட்டுவிடுவோம், குப்பியின் மேலேயே பிளாஸ்திரி ஒட்டி எழுதுங்கள்.