விரலியின் தோலுக்கு விலை, உள்ளிருக்கும் குணத்துக்கு?

மஞ்சள் ஏலத்தில் வியாபாரி சாம்பிள் தட்டிலிருந்து ஒரு விரலி மஞ்சளை எடுத்து முதலில் தோலைப் பார்ப்பார். பிறகு இரண்டாக முறிப்பார். நன்றாகக் காய்ந்த விரலி கணீரென்று முறியும். ஈரம் நின்றது நார்நாராக இழுக்கும். முறிந்த இடத்தில் ஆரஞ்சு ஓடிய மஞ்சள் நிறம் இருந்தால் இன்னொரு விரலியையும் முறித்துப் பார்ப்பார். சீட்டில் ஒரு தொகை எழுதுவார், அடுத்த குவியலுக்குப் போய்விடுவார். ஒன்பது மாதம் நிலத்தில் கிடந்த பயிருக்கு இவ்வளவுதான் தேர்வு. எழுதப்பட்ட தொகைதான் அந்த வருடம் அந்தக் குடும்பத்தின் கடன், கல்யாணம், கல்லூரிக் கட்டணம் எல்லாம்.

நான் கொடுமுடிப் பக்கத்து மஞ்சள் விவசாயியின் மகள். வேதியியல் படித்துவிட்டு, மசாலாப் பொருள்களை ஏற்றுமதி செய்யும் ஒரு நிறுவனத்தின் பரிசோதனைக்கூடத்தில் வேலை பார்க்கிறேன். நிலத்தைத் தம்பி பார்த்துக்கொள்கிறான். எங்கள் களத்தில் மஞ்சளுக்குக் கண்ணால் விலை வைக்கிறார்கள். நான் வேலை செய்யும் இடத்தில் அதே மஞ்சளுக்கு எண்களால் விலை வைக்கிறார்கள். நிலம் கெடுவதும் விவசாயி நஷ்டப்படுவதும் சாப்பிடுகிறவர் உடம்புக்கு ஆபத்து வருவதும் இந்த இரண்டுக்கும் நடுவில்தான் நடக்கின்றன என்பது என் உறுதியான எண்ணம்.

முதலில் நிலத்திலிருந்து வருவோம். காலிங்கராயன் வாய்க்கால், கீழ்பவானி வாய்க்கால் பாயும் நிலங்களில் மஞ்சள் ஒன்பது மாதப் பயிர். வைகாசி, ஆனியில் நட்டால் தை, மாசியில் வெட்டலாம். ஏக்கருக்கு விதைக்கிழங்கு மட்டும் 800 கிலோவுக்கு மேல் வேண்டும். அதனால் நடுவதற்கு முன்பே பெரிய தொகை மண்ணுக்குள் போய்விடுகிறது. பார் ஓரத்தில் சின்ன வெங்காயம், வயல் ஓரத்தில் ஆமணக்கு என்று போட்டு, மஞ்சள் கைக்கு வரும்வரை வீட்டுச் செலவைச் சமாளிப்பது பழைய வழக்கம். நல்ல விளைச்சல் என்றால் ஏக்கருக்குப் பத்து டன் பச்சை மஞ்சள் கிடைக்கும். காய்ந்தபின் அதில் நிற்பது இரண்டு டன் அளவுதான். மீதி முழுக்கத் தண்ணீர்.

அந்தத் தண்ணீரை எடுக்கும் வேலை முழுவதும் விவசாயியுடையது. வெட்டிய மஞ்சளைத் தாய்க்கிழங்கு வேறு, விரலி வேறு என்று பிரித்து, முக்கால் மணியிலிருந்து ஒரு மணி நேரம் வரை வேகவைக்க வேண்டும். நுரை கட்டி, வெள்ளைப் புகை எழுந்து, மஞ்சளுக்கே உரிய அந்த வாசம் களம் முழுக்கப் பரவும்போது இறக்க வேண்டும். கொஞ்சம் முந்தினால் கிழங்கின் நடுவில் வேகாமல் நிற்கும். பிந்தினால் நிறம் கெடும். அப்பா காலத்தில் பெரிய கொப்பரையில், காய்ந்த மஞ்சள் தழையையே எரித்து வேகவைத்தார்கள். இப்போது டிராக்டரில் இழுத்துவரும் நீராவிக் கொப்பரைகள் களத்துக்கே வருகின்றன. தண்ணீர் குறைவு, விறகு குறைவு, எல்லாக் கிழங்கும் ஒரே மாதிரி வேகிறது. கடந்த முப்பது வருடத்தில் மஞ்சள் களத்துக்கு வந்த நல்ல மாற்றம் எது என்று கேட்டால் யோசிக்காமல் இதைத்தான் சொல்வேன். வேகவைத்ததைப் பத்துப் பதினைந்து நாள் வெயிலில் காயவைத்து, ஈரப்பதத்தைப் பத்து விழுக்காட்டுக்குக் கொண்டுவர வேண்டும்.

அதற்குப் பிறகு பாலிஷ். சுழலும் டிரம்மில் போட்டு உருட்டினால் சொரசொரப்பான மேல்தோலும் வேரின் மிச்சமும் தேய்ந்து உதிரும். எடையில் ஐந்திலிருந்து பத்து விழுக்காடு போகும். ஒரு குவிண்டாலுக்கு ஐந்து கிலோ போனாலும் அது விளைவித்தவர் கிலோதான். பாலிஷ் போட்டால் மண் போகும், பார்க்கச் சுத்தமாக இருக்கும், உண்மை. ஆனால் நாட்டில் விற்கும் மஞ்சளில் பெரும்பகுதி அரைபடப் போகிறது. அரைத்த பிறகு அந்தப் பளபளப்பு எங்கே தெரியும்? முழு விரலியைப் பூஜைக்கும் தாலிக்கும் வாங்குகிறவர்களுக்குப் பளபளப்பு வேண்டும், நியாயம். மசாலாவுக்குப் போகும் மூட்டைக்கும் அதே பளபளப்பைக் கேட்பது, விவசாயியின் மின்சாரத்தையும் எடையையும் வீணாக்குவது.

எங்கள் வீட்டில் ஒரு வருடம் நடந்ததைச் சொல்கிறேன். ஒரே ரகம், இரண்டு தோட்டம். மேட்டுத்தோட்டத்து மஞ்சளின் தோல் கொஞ்சம் கருத்திருந்தது. பள்ளத்தோட்டத்து மஞ்சள் பார்க்க அருமையாக இருந்தது. இரண்டிலும் கைப்பிடி எடுத்துப்போய்ப் பரிசோதித்தேன். மஞ்சளுக்கு நிறத்தையும் மருந்துக் குணத்தையும் தருவது குர்குமின். தூளை ஆல்கஹாலில் கரைத்து, 425 நானோமீட்டர் அலைநீளத்து ஒளியை அது எவ்வளவு உறிஞ்சுகிறது என்று பார்த்தால் அளவு தெரிந்துவிடும். மேட்டுத்தோட்டத்தில் 3.9 விழுக்காடு, பள்ளத்தில் 2.8. ஏலத்தில் பள்ளத்து மஞ்சள்தான் கூடுதல் விலைக்குப் போனது. அப்பாவிடம் எண்ணைச் சொன்னேன். "அம்மிணி, நீ சொல்ற நம்பரை அந்தச் சீட்டுல யாரு எழுதுவாங்க?" என்று கேட்டார். நான் பார்த்த எந்த ஏலத்திலும் சாம்பிள் தட்டின் பக்கத்தில் அந்த எண் இருந்ததில்லை.

இதன் விளைவு விலையோடு நிற்பதில்லை. எடைக்கும் தோலுக்கும்தான் பணம் என்றால், உரமும் தண்ணீரும் எடைக்காகவும் தோலுக்காகவும் மட்டுமே செலவாகும். ஈரோட்டில் 2010-இல் குவிண்டால் 17,000 ரூபாயைத் தொட்டபோது, நெல்லும் வாழையும் மாறிமாறி வந்துகொண்டிருந்த நிலங்களில் மறுபடி மறுபடி மஞ்சளையே நட்டார்கள். ஒரே மண்ணில் தொடர்ந்து போட்டால் கிழங்கு அழுகல் நோய்க்கு வழி திறந்துவிடுகிறோம் என்று எல்லோருக்கும் தெரியும். 2012-இல் விலை 4,000-க்கும் கீழே போனபோது நோய் கண்ட நிலமும் கடனும் மிஞ்சின. இந்த இரண்டு வருட இடைவெளியில் மஞ்சளின் குணத்தில் எந்த மாற்றமும் இல்லை. குணத்தைப் பார்க்காத விலை, இருப்பையும் வதந்தியையும் மட்டும் பார்த்து ஏறி இறங்கும்.

கண்ணை மட்டும் நம்பும் வியாபாரம் எங்கே கொண்டுபோய் நிறுத்தும் என்பதற்கு வங்கதேசத்தில் நடந்ததைவிடப் பெரிய பாடம் இல்லை. எங்கள் கூடத்தில் புதிதாகச் சேருகிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான்.

அங்கே கிராமப்புறக் கர்ப்பிணிப் பெண்களின் ரத்தத்தில் ஈயம் அதிகமாக இருந்தது. பக்கத்தில் ஆலை இல்லை, பெட்ரோலில் ஈயம் நிறுத்தப்பட்டு வருடங்கள் ஆகியிருந்தன. டாக்காவின் ஐசிடிடிஆர்பி ஆய்வு நிறுவனமும் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகமும் சேர்ந்து தேடின. ஜென்னா ஃபோர்சைத் என்ற ஆய்வாளர் இதில் முன்னின்றார். ஈயத்தின் ஐசோடோப்பு விகிதம் அது எங்கிருந்து வந்தது என்று காட்டிக்கொடுக்கும். ரத்தத்தில் இருந்த ஈயம் சமையலறை மஞ்சளில் இருந்த ஈயத்தோடு பொருந்தியது. மஞ்சளில் கலந்திருந்தது லெட் குரோமேட், மஞ்சள் பெயின்டுக்குப் போடும் நிறமி.

கலந்தவர்கள் சொன்ன கதை 1980-களின் ஒரு வெள்ளத்தில் தொடங்குகிறது. நனைந்து காயாமல் போன மஞ்சள் மங்கிவிட்டது, நிறமியைத் தூவினார்கள், விற்றது. வெள்ளம் வடிந்த பிறகும் பழக்கம் வடியவில்லை. நிறமியைப் போட்டால் மட்டமான கிழங்கும் பளிச்சென்று ஆகும். பாலிஷ் போடும் நேரமும் குறையும். பாலிஷ் ஆலைக்காரர் மிச்சம் பிடித்தார், மொத்த வியாபாரி பளிச்சென்ற மூட்டையைக் கேட்டார், அவரிடம் கடைக்காரர் கேட்டார், கடைக்காரரிடம் நாம் கேட்டோம். ஈயத்துக்குப் பாதுகாப்பான அளவு என்று ஒன்று கிடையாது. குழந்தைகளின் மூளை வளர்ச்சியை அது தடுக்கும், போன வளர்ச்சி திரும்ப வராது. சங்கிலியில் இருந்த ஒவ்வொருவரும் கண்ணுக்குத் தெரிந்ததற்கு மட்டும் பணம் கொடுத்தார்கள். கண்ணுக்குத் தெரியாதது குழந்தையின் உடம்பில் போய்ச் சேர்ந்தது.

அதை அவர்கள் நிறுத்தியும் காட்டினார்கள். 2019-இல் ஆய்வு முடிவுகள் வெளிவந்ததும் உணவுப் பாதுகாப்பு அமைப்பு களத்தில் இறங்கியது. செய்தித்தாள்களில் எச்சரிக்கை, சந்தைகளில் நோட்டீஸ், மொத்த வியாபாரிகளோடு கூட்டம். கையில் பிடித்துப் பார்க்கும் எக்ஸ்ரே கருவியோடு டாக்காவின் ஷியாம்பஜாரில் நடமாடும் நீதிமன்றம் நுழைந்தது. அந்த இடத்திலேயே சோதித்து, அந்த இடத்திலேயே அபராதம் போட்டார்கள். 2019-இல் சந்தை மாதிரிகளில் 47 விழுக்காட்டில் ஈயம் இருந்தது. 2021-இல் ஒன்றில்கூட இல்லை. ஆலைத் தொழிலாளர்களின் ரத்தத்திலும் ஈயம் குறைந்தது. நாற்பது வருடப் பழக்கம் இரண்டு வருடத்தில் போனது. சட்டம் முன்பும் இருந்தது. சந்தை நடுவில், வியாபாரிகள் கண் முன்னால், ஈயம் எவ்வளவு என்ற எண் அந்த நிமிடமே தெரிந்ததுதான் புதிது.

நம் பக்கத்துக்கும் இதில் பங்கு இருக்கிறது. இந்தியா, பாகிஸ்தான், இலங்கை, நேபாளம் ஆகிய நாடுகளின் 23 நகரங்களில் எடுத்த 356 மாதிரிகளைச் சோதித்த ஆய்வு 2024-இல் வெளியானது. 14 விழுக்காடு மாதிரிகளில் ஒரு கிராமுக்கு இரண்டு மைக்ரோகிராமுக்கு மேல் ஈயம். பாட்னாவிலும் கராச்சியிலும் பெஷாவரிலும் ஆயிரத்தைத் தாண்டிய மாதிரிகள் இருந்தன. நம் உணவுப் பாதுகாப்பு விதி மஞ்சளில் அனுமதிப்பது பத்து. அதிகம் கண்ட மாதிரிகளில் ஈயமும் குரோமியமும் அணு எண்ணிக்கையில் ஏறக்குறைய ஒன்றுக்கு ஒன்று என்ற விகிதத்தில் இருந்தன. என் போன்றவர்களுக்கு அந்த விகிதம் போதும். மண்ணிலிருந்து தற்செயலாக ஏறிய ஈயம் அப்படிச் சமமாக நிற்காது. நிறமியைக் கலந்தால்தான் நிற்கும்.

சந்தை வேறு எண்ணைப் பார்த்தால் என்ன ஆகும் என்பதற்கு மேகாலயாவைப் பாருங்கள். ஜெயின்டியா மலையில் விளையும் லக்கடாங் மஞ்சளில் குர்குமின் ஏழு விழுக்காட்டை ஒட்டி இருக்கும். அங்கே கிழங்கைச் சீவி உலர்த்தி விற்கிறார்கள். சீவிய வில்லைக்கு ஏது பளபளப்பு? பள்ளி ஆசிரியையான டிரினிட்டி சாயூ ஊர்ப் பெண்களைச் சேர்த்து இந்த ரகத்தை மறுபடி பரப்பினார். அதற்காக அவருக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது. அந்த மஞ்சளைத் தேடி வாங்குகிறவர்கள் குர்குமினைக் கேட்டு வாங்குகிறார்கள். அதனால் சிறிய மலை நிலத்தில் குறைவாக விளைந்தாலும் அந்தக் குடும்பங்களுக்குக் கட்டுப்படியாகிறது.

ஈரோட்டு மஞ்சளுக்கு 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. 2025 ஜனவரியில் நிஜாமாபாத்தில் தேசிய மஞ்சள் வாரியம் தொடங்கியது. உலக மஞ்சளில் எழுபது விழுக்காட்டுக்கு மேல் விளைவிக்கிற நாட்டுக்கு இரண்டும் தாமதமாக வந்தவை, ஆனாலும் நல்லவை. பெயருக்குக் கிடைத்த மரியாதை மூட்டைக்குக் கிடைக்க வேண்டுமென்றால், ஏலக் கூடத்திலேயே பரிசோதனை வேண்டும். ஈரப்பதம், குர்குமின், ஈயம் என்ற மூன்று எண்களை எழுதிய சீட்டு ஒவ்வொரு சாம்பிள் தட்டிலும் இருக்க வேண்டும். ஈரப்பதம் பார்க்க மீட்டர் உண்டு, ஈயத்துக்குக் கையடக்க எக்ஸ்ரே கருவி உண்டு, குர்குமினுக்கான கருவி கல்லூரி ஆய்வகங்களிலேயே இருக்கிறது. தனி விவசாயி ஒருவரால் இதற்குச் செலவழிக்க முடியாது. உழவர் உற்பத்தியாளர் நிறுவனங்கள் செய்யலாம். செலவில் பாதியை வாங்குகிற நிறுவனங்கள் ஏற்க வேண்டும், ஏனென்றால் இதே சோதனையைத்தான் அவர்கள் வாங்கிய பிறகு எங்களைப் போன்றவர்களை வைத்துச் செய்கிறார்கள். வாங்குவதற்கு முன்பே செய்தால் எண் விவசாயிக்கும் தெரியும். வித்தியாசம் அவ்வளவுதான், ஆனால் பேரம் பேசும் பலம் அந்த வித்தியாசத்தில்தான் இருக்கிறது. மேட்டுத்தோட்டத்து 3.9-க்கு விலை கிடைக்கும் என்று தெரிந்தால் தம்பி அடுத்த வருடம் அங்கே எருவைக் கூட்டுவான், பயிரை மாற்றி மண்ணுக்கு ஓய்வு கொடுக்கவும் துணிவான்.

வீட்டில் செய்யக்கூடியதும் ஒன்று உண்டு. முடிந்தவர்கள் பாலிஷ் போடாத விரலியை வாங்குங்கள். கழுவி, நன்றாகக் காயவைத்து, தெரிந்த மில்லில் கொடுத்து அரைத்துக்கொள்ளுங்கள். நம் அம்மாக்கள் செய்ததுதான். கடையில் அந்த விரலியைக் கேட்டால் முதலில் இல்லை என்பார்கள். பத்துப் பேர் கேட்டால் வரவழைப்பார்கள். தம்பி இந்த மாசியில் பாதி மஞ்சளைப் பாலிஷ் போடாமல் நிறுத்தி வைக்கப்போகிறான். "அக்கா, வாங்க ஆள் இருந்தா டிரம்முல ஏன் போடணும்?" என்கிறான். ஆள் தேடும் வேலையை நான் எடுத்திருக்கிறேன். கரூரில் அரவை மில் வைத்திருக்கும் ஒருவர் சாம்பிள் கேட்டிருக்கிறார். விரலியோடு மூன்று எண்களையும் எழுதி அனுப்புகிறேன்.