வெயிலும் காற்றும் கணினித் திரையில்

ஹாங்காங்கில் வீடு பார்க்க வரும் ஃபெங் சுயி (சீன மனையடி மரபு) நிபுணரின் கையில் லுவோபான் என்ற திசைகாட்டி இருக்கும். நடுவில் காந்த ஊசி, சுற்றிலும் வளையம் வளையமாகச் சீன எழுத்துகள். ஒரு வளையம் 360 பாகையை 24 ‘மலை’களாகப் பிரிக்கிறது, மலைக்கு 15 பாகை. வாசல் எந்த மலையைப் பார்க்கிறது என்று இதில் குறித்துக்கொண்டுதான் மற்ற கணக்குகளுக்குப் போவார்கள். இப்போது கைப்பேசிச் செயலிகளே இவற்றைப் போட்டுத் தருகின்றன.

பிறந்த ஆண்டை வைத்துப் போடும் குவா எண் அவற்றில் எளியது. 1985-இல் பிறந்த ஆணுக்கு 8-ஐயும் 5-ஐயும் கூட்டினால் 13. அந்த இலக்கங்களைக் கூட்டினால் 4. அதைப் பத்திலிருந்து கழித்தால் 6. இது மேற்குக் குழு. அதே ஆண்டில் பிறந்த பெண்ணுக்குக் கணக்கு வேறு: 9, கிழக்குக் குழு. கட்டில், வாசல், அடுப்பு எந்தத் திசையில் அமையலாம் என்பதை இந்தக் குழுவை வைத்தே சொல்கிறார்கள். கணக்கில் ஆண்டு பிறப்பது பிப்ரவரி 4 வாக்கில்; ஜனவரியில் பிறந்தவருக்கு முந்தைய ஆண்டையே எடுக்க வேண்டும். இதைக் கவனிக்காத செயலி தவறான எண்ணைக் கொடுத்துவிடும்.

திசையிலும் கவனம் தேவை. சுவருக்குள் இருக்கும் இரும்புக் கம்பியும் பக்கத்து லிஃப்டும் கைப்பேசியின் காந்த உணரியைத் திருப்பிவிடும். காந்த வடக்குக்கும் உண்மை வடக்குக்கும் ஹாங்காங்கில் ஏறக்குறைய 3 பாகை வித்தியாசம். மலையின் எல்லையை ஒட்டிய வாசலுக்கு இது போதும், பலனே மாறிவிடும். பல இடங்களில் நின்று அளந்து ஒப்பிடுவதுதான் வழி.

அதிர்ஷ்டம் கூடியதா என்று எந்த மென்பொருளாலும் சோதிக்க முடியாது. வெயிலையும் காற்றையும் சோதிக்கலாம்.

பின்னால் மலை, முன்னால் நீர், தெற்கு பார்த்த வாசல்: இது ஃபெங் சுயியின் பழைய விதி. வட சீனாவின் கடுங்குளிரில் மலை வாடைக்காற்றைத் தடுக்கும், தெற்கு வாசல் வெயிலை உள்ளே விடும். ஸ்கெட்ச்அப் போன்ற மென்பொருளில் வீட்டை வரைந்து, ஊரையும் தேதியையும் கொடுத்தால் நிழல் விழும் இடம் தெரிகிறது. ஹாங்காங்கில் டிசம்பர் 21 நண்பகலில் சூரியன் தெற்கே சுமார் 44 பாகை உயரத்தில் நிற்கும். தெற்குச் சன்னல் வழியே வெயில் அறைக்குள் நீளும். ஜூன் 21-இல் சூரியன் கிட்டத்தட்ட உச்சந்தலைக்கு மேலே. சிறிய சன்ஷேடே வெயிலை மறைத்துவிடும்.

காற்றுக்கும் இப்படிக் கணக்கு உண்டு. 2003-இல் சார்ஸ் நோய் நெருக்கமான குடியிருப்புகளில் பரவியபின், பெரிய கட்டுமானத் திட்டங்களில் காற்றோட்டத்தை மதிப்பிடும் முறையை ஹாங்காங் அரசு கொண்டுவந்தது. கட்டடங்களுக்கு நடுவே காற்று எங்கே ஓடும், எங்கே தேங்கும் என்பதைக் கணினி மாதிரியிலோ காற்றுச் சுரங்கத்திலோ பார்க்கிறார்கள். கட்டில் திசைக்குச் செயலியைக் கேட்பவர்கள், வெயிலும் காற்றும் எங்கே வரும் என்ற கேள்வியைத் தங்கள் வீட்டு வரைபடத்தை வைத்துக் கட்டட வடிவமைப்பாளரிடமும் கேட்கலாம்.