எண்ணிம அச்சில் முழுக்கருமைப் பரப்பு

முழுக்கருமைப் பரப்பு என்பது, அச்சுத்தாளில் புள்ளிகளாகப் பிரிக்கப்படாமல் நூறு விழுக்காடும் கருப்பு மையால் நிரப்பப்படும் பகுதி ஆகும். அச்சகத்தார் இதனைச் சாலிட் பிளாக் என அழைப்பர். நூல்களின் மேலட்டை, ஒளிப்படத் தொகுப்பு, அழைப்பிதழ் போன்றவற்றில் இது பயன்படுகின்றது. சிறு எழுத்துகளில் புலப்படாத குறைகள் பெரிய கரும்பரப்பில் உடனே தெரிந்துவிடும். எனவே எண்ணிம அச்சுப்பொறிகளின் தரத்தை ஒப்பிட இது ஏற்ற சோதனையாகும். எனினும் கருமையைக் காட்டும் ஓர் எண்ணை மட்டும் கொண்டு இவ்வொப்பீட்டைச் செய்ய இயலாது. கருமை, சீர்மை, பளபளப்பு ஆகிய மூன்றையும் தனித்தனியே நோக்க வேண்டும்.

வரலாறு

உலர்தூளைக் கொண்டு படியெடுக்கும் ஒளிமின் முறையைச் செஸ்டர் கார்ல்சன் 1938 ஆம் ஆண்டு அக்டோபர் 22 அன்று நியூயார்க் நகரின் அஸ்டோரியா பகுதியில் முதன்முதலாகச் செய்து பார்த்தார். இம்முறையில் அமைந்த சீராக்ஸ் 914 படிப்பொறி 1959 இல் அறிமுகமானது. இது எழுத்துகளையும் கோடுகளையும் நன்றாகப் படியெடுத்தது. ஆனால் பெரிய கரும்பரப்புகளில் விளிம்பு மட்டும் கருத்து, நடுப்பகுதி வெளிறிக் காணப்பட்டது. மின்னேற்றப்பட்ட பரப்பின் விளிம்பில் மின்புலம் வலுவாகவும், நடுவில் வலுக்குன்றியும் இருப்பதே இதற்குக் காரணம். பின்னர் வந்த காந்தத் தூரிகை முறையில் இக்குறை பெரிதும் நீங்கியது.

1993 இல் இண்டிகோ ஈ-பிரிண்ட் 1000, சைக்கான் டிசிபி-1 ஆகிய எண்ணிம வண்ண அச்சுப்பொறிகள் அறிமுகமாயின. இண்டிகோ நிறுவனத்தை எச்பி நிறுவனம் 2002 இல் வாங்கியது.

பொறி வகைகளும் கருமையும்

* உலர் டோனர் பொறிகள்: நெகிழித் தூளை வெப்பத்தால் தாளில் உருக்கி ஒட்டுகின்றன. மைப்படலம் தடிப்பாக இருப்பதால் கருமை மிகுதியாகக் கிடைக்கும். சொரசொரப்பான தாளின் பள்ளங்களில் தூள் சரியாகப் படியாமல் வெண்புள்ளிகள் தோன்றலாம்.
* நீர்ம டோனர் பொறிகள்: இண்டிகோ இவ்வகையைச் சேர்ந்தது. துகள்கள் மிகச் சிறியவை, படலமும் மெல்லியது. எனவே அச்சின் பளபளப்பு தாளின் பளபளப்பை ஒட்டியே அமையும்.
* மைத்தாரைப் பொறிகள்: நீர் கலந்த மை, பூச்சற்ற தாளுக்குள் இறங்கிவிட்டால் கருப்பு சாம்பல் நிறமாகத் தெரியும். இதனைத் தடுக்கத் தாளில் முன்பூச்சு இடப்படுவதுண்டு. தாரைத்துளை ஒன்று அடைபட்டால் கரும்பரப்பில் வெண்கோடு விழும்.

அளவிடுதல்

டென்சிட்டோமீட்டர் என்னும் கருவி ஒளியடர்த்தியை மடக்கை அளவில் காட்டுகின்றது. பரப்பு 10 விழுக்காடு ஒளியைத் திருப்பினால் அடர்த்தி 1.0, 2 விழுக்காடு எனில் ஏறத்தாழ 1.7, 1 விழுக்காடு எனில் 2.0 ஆகும். இக்கருவி நேரடியாகத் தெறிக்கும் பளபளப்பொளியைத் தவிர்த்து அளக்குமாறு அமைந்துள்ளது. ஆகையால் பளபளப்பான பரப்பு உயர்ந்த எண்ணைக் காட்டும். அதே பரப்பை விளக்கொளியில் காணும்போது கண் கூசி, கருமை குறைந்தது போல் தோன்றக்கூடும்.

சீர்மையை அளக்கும் வழிகளை 2001 இல் வெளியான ஐ.எஸ்.ஓ/ஐ.இ.சி 13660 தரம் வகுத்தது. ஏறத்தாழ 2.5 மில்லிமீட்டருக்குக் குறைந்த இடைவெளியில் நிகழும் ஏற்றத்தாழ்வு மணித்தன்மை எனவும், அதனினும் அகன்றது திட்டுத்தன்மை எனவும் பிரிக்கப்பட்டது. சராசரி அடர்த்தி ஒன்றாகவே உள்ள இரு அச்சுகளில் ஒன்று திட்டுத்திட்டாக இருத்தல் கூடும்.

செறிகருப்பு

கருப்பு மையுடன் சியான், மெஜந்தா, மஞ்சள் ஆகியவற்றையும் சேர்த்து அச்சிட்டால் ஆழ்ந்த கருமை கிடைக்கும். இது செறிகருப்பு எனப்படும். நான்கு நிறங்களும் சற்று விலகினாலும், கரும்பரப்பின் நடுவிலுள்ள சிறிய வெள்ளை எழுத்துகளின் ஓரத்தில் நிறம் கசியும். டோனர் மிகுந்த இடத்தில் தாளை மடித்தால் மடிப்பில் வெடிப்பு ஏற்பட்டு வெள்ளைக் கோடு தெரியும்.

ஒப்பிடும் முறை

கோப்பில் கருப்பு மட்டுமே குறிக்கப்பட்டிருந்தாலும், சில பொறிகளின் நிறமாற்ற அமைப்பு அதனை நான்கு நிறக் கலவையாக மாற்றிவிடக்கூடும். அப்போது ஒப்பீடு பொறிகளின் திறனைக் காட்டாது. அமைப்புகளின் வேறுபாட்டையே காட்டும். எனவே பின்வருவன கவனிக்கப்படுகின்றன:

* ஒரே தாள், ஒரே கோப்பு, ஒரே நிற அமைப்பு ஆகியவற்றைப் பயன்படுத்துதல்.
* தனிக்கருப்பையும் செறிகருப்பையும் வேறுவேறாக அச்சிடுதல்.
* தாளின் நடுவிலும் நான்கு மூலைகளிலும் அளத்தல்.
* முதல் தாளுடன், நெடுநேரம் ஓடிய பின் வரும் தாளையும் அளத்தல். கரும்பரப்பு மிகுந்த பணியில் டோனர் வழங்கல் ஈடுகொடுக்காவிடில் பிந்திய தாள்கள் வெளிறும்.
* மைத்தாரை அச்சை நன்கு உலர்ந்த பின்னரே அளத்தல்.
* ஒரே வெளிச்சத்தில் பல கோணங்களில் கண்ணால் நோக்குதல்.
* மடித்தும் தேய்த்தும் பார்த்தல்.

ஒளிப்பட நூலுக்கு ஆழ்ந்த கருமையும் சீர்மையும் முதன்மையானவை. மடிக்கப்படும் மேலட்டைக்குச் சற்றுக் குறைந்த அடர்த்தியுடன் வெடிக்காத படலமே பொருத்தமானது. பணியின் தேவைக்கேற்ப எந்தப் பொறி சிறந்தது என்பது மாறுபடும்.