ஒரு கார்ட்டூனுக்கு ஏன் முழு வெப்சைட்டும் போச்சு?

2025 பிப்ரவரி 15, சனிக்கிழமை. அன்னிக்கு சாயங்காலத்துல இருந்து விகடன் வெப்சைட் நிறைய பேருக்கு ஓப்பன் ஆகல. வேடிக்கை என்னன்னா, சில பேருக்கு ஆச்சு. ஒரே வீட்டுல அப்பா போன்ல வருது, பையன் போன்ல வரல. சர்வர் டவுனா, நெட் ஸ்லோவா, இல்ல வேற ஏதாவதான்னு முதல்ல யாருக்கும் புரியல. முடக்கம் பத்தி அரசுகிட்ட இருந்து தங்களுக்கு எந்த அறிவிப்பும் வரலன்னு விகடன் தரப்பு அப்போ சொன்னது.

காரணமா பேசப்பட்டது ஒரு கார்ட்டூன். அமெரிக்கா அந்த மாசம் 5 ஆம் தேதி 104 இந்தியர்களை ராணுவ விமானத்துல ஏத்தி அமிர்தசரஸ்ல இறக்கிவிட்டது. கை, கால்ல விலங்கு போட்டுத்தான் கூட்டிட்டு வந்தாங்க. பிப்ரவரி 10 ஆம் தேதி வந்த விகடன் ப்ளஸ் இதழோட அட்டையில, டிரம்ப் பக்கத்துல பிரதமர் மோடி விலங்கோட உட்கார்ந்திருக்கிற மாதிரி படம். விகடன் ப்ளஸ் டிஜிட்டல்ல மட்டும் வர்ற இதழ்ங்கிறதை ஞாபகம் வச்சுக்கோங்க, பின்னாடி தேவைப்படும். பா.ஜ.க.வோட அப்போதைய மாநிலத் தலைவர் அண்ணாமலை, பிரஸ் கவுன்சிலுக்கும் மத்திய அரசுக்கும் புகார் அனுப்பினார். சைட் போச்சு.

படம் சரியா தப்பாங்கிற சண்டைக்கு நான் வரல, அதை ட்விட்டர்ல நிறைய பேர் செஞ்சு முடிச்சுட்டாங்க. நெட்வொர்க்ஸ் பேப்பர் எழுதி பாஸான ஒருத்தனா எனக்கு வந்த கேள்வி வேற. பிரச்சினை ஒரு படம். அப்போ பசுமை விகடன்ல இருக்கிற உரம் பத்தின கட்டுரையும், அவள் விகடன்ல இருக்கிற சமையல் குறிப்பும், பல வருஷத்து பழைய கட்டுரைகளும் ஏன் சேர்ந்து காணாம போகணும்?

பதில்ல பாதி சட்டத்துல இருக்கு, பாதி நம்ம சிலபஸ்ல இருக்கு. சிலபஸ்ல இருந்து ஆரம்பிப்போம்.

நீங்க ஒரு லிங்க்கை கிளிக் பண்ணினா முதல்ல உங்க போன் டிஎன்எஸ் சர்வர்கிட்ட போய் அந்தப் பேருக்கு ஐபி அட்ரஸ் என்னன்னு கேக்கும். பெரும்பாலும் அந்த சர்வரை நடத்துறது உங்க நெட் கம்பெனிதான். அவங்க அங்கேயே பொய் சொல்லலாம், இல்ல "அப்படி ஒரு பேரே கிடையாது"ன்னு கையை விரிக்கலாம். இது ரொம்ப சுலபமான முடக்கம். டிஎன்எஸ் செட்டிங்கை மாத்தினாலே போதும், தாண்டிடலாம்.

இரண்டாவது வழி கொஞ்சம் கெட்டி. ஐபி தெரிஞ்ச பிறகு உங்க பிரவுசரும் அந்த சர்வரும் டிஎல்எஸ் மூலமா கை குலுக்கிக்கும். அதுக்கப்புறம் போறது எல்லாம் என்கிரிப்டட், நடுவுல இருக்கிறவங்களுக்கு ஒண்ணும் புரியாது. ஆனா கை குலுக்குற முதல் மெசேஜ்ல, எந்த சைட்டுக்குப் போறோம்ங்கிற பேர் மட்டும் திறந்த நிலையில போகும். இதுக்குப் பேர் எஸ்என்ஐ. நெட் கம்பெனியோட மெஷின் அந்தப் பேரைப் படிச்சு, லிஸ்ட்ல இருந்தா கனெக்‌ஷனை வெட்டிவிடும். ஜியோ இப்படித்தான் செய்யுதுன்னும், கம்பெனிக்கு கம்பெனி முடக்குற முறையும் லிஸ்ட்டும் வேறுபடுதுன்னும் 2020ல இந்தியாவிலேயே செஞ்ச ஒரு ஆய்வு காட்டியிருக்கு. அப்பா போன்ல வந்து பையன் போன்ல வராததுக்கு இதுலயே பதில் இருக்கு.

இங்க கவனிக்க வேண்டிய விஷயம், அந்த மெஷினுக்குத் தெரியிறது டொமைன் பேர் மட்டும்தான். உள்ள எந்தப் பக்கம்னு தெரியாது. அடையார்ல ஒரு பெரிய அபார்ட்மெண்ட்டுக்கு நீங்க ஆட்டோ பிடிக்கிறீங்கன்னு வைங்க. ஆட்டோ அண்ணாவுக்கு பில்டிங் பேர் தெரியும். நீங்க உள்ள போய் மூணாவது மாடியா, ஏழாவது மாடியான்னு தெரியாது. தெருமுனையில நிக்கிற போலீஸ்காரர்கிட்ட "ஏழாவது மாடிக்குப் போறவங்களை மட்டும் நிறுத்து"ன்னு சொன்னா அவரால முடியாது. மொத்த பில்டிங்குக்குப் போற வண்டிகளையும் நிறுத்துறதுதான் அவருக்கு இருக்கிற ஒரே வழி.

எச்டிடிபி காலத்துல அப்படி இல்ல. அட்ரஸ் முழுசா திறந்து கிடந்ததால நடுவுல இருக்கிறவங்க ஒரே ஒரு பக்கத்தை மட்டும் தடுக்க முடிஞ்சது. நம்ம பாதுகாப்புக்காக எல்லாரும் எச்டிடிபிஎஸ்க்கு மாறினோம், அது நல்ல விஷயம்தான். ஆனா அதோட பக்க விளைவா, நெட் கம்பெனி வழியா போனா ஒரு பக்கத்தை முடக்குறதுங்கிறதே இல்லாம போச்சு.

சட்டப் பக்கம் வருவோம். தகவல் தொழில்நுட்பச் சட்டத்தோட 69ஏ பிரிவு. நாட்டோட இறையாண்மை, பாதுகாப்பு, வெளிநாடுகளோட நட்புறவு, பொது ஒழுங்கு மாதிரி காரணங்களுக்காக மத்திய அரசு இணையத்துல ஒரு விஷயத்தை முடக்கச் சொல்லலாம். மீறுற நிறுவனத்துக்காரங்களுக்கு ஏழு வருஷம் வரைக்கும் ஜெயில். எந்த நெட் கம்பெனியாவது "இது ஒரு பக்கம்தானே, ஏன் முழு சைட்?"னு திருப்பிக் கேக்கும்னு நினைக்கிறீங்களா?

2015ல ஸ்ரேயா சிங்கால் வழக்குல சுப்ரீம் கோர்ட் 66ஏ பிரிவை ரத்து பண்ணினது நிறைய பேருக்குத் தெரியும். அதே தீர்ப்புல 69ஏ தப்பிச்சது பலருக்குத் தெரியாது. காரணத்தை எழுத்துல பதிவு பண்ணணும், கமிட்டி பார்க்கணும், விளக்கம் சொல்ல வாய்ப்பு கொடுக்கணும்னு பாதுகாப்புகள் இருக்குன்னு சொல்லித்தான் அதை விட்டு வச்சாங்க. ஆனா அவசரம்னா முதல்ல முடக்கிட்டு 48 மணி நேரத்துக்குள்ள கமிட்டிகிட்ட கொண்டு போகலாம்னும் விதியில ஒரு கதவு இருக்கு. எது அவசரம்? அதை முடிவு பண்றதும் அவங்கதான்.

இப்போ 1987க்குப் போகலாம். ஜெமினி பாலம்னு சொல்றோமே, அந்தப் பேருக்குக் காரணமான ஜெமினி ஸ்டூடியோவை நடத்தின எஸ்.எஸ்.வாசன்தான் விகடனையும் நடத்தினவர். அவரோட மகன் எஸ்.பாலசுப்ரமணியன் ஆசிரியரா இருந்தப்போ, எம்.எல்.ஏ.க்களையும் மந்திரிகளையும் கிண்டல் பண்ற ஒரு ஜோக் ஆனந்த விகடன் அட்டையில வந்துச்சு. அப்போ எம்.ஜி.ஆர். ஆட்சி. மன்னிப்பு கேக்கச் சொன்னாங்க, அவர் மறுத்துட்டார். சட்டமன்றம் அவருக்கு மூணு மாசம் கடுங்காவல் தண்டனை கொடுத்தது. நாடு முழுக்க கண்டனம் வர, சில நாள்ல விட்டாங்க. அவர் அதோட விடாம கோர்ட்டுக்குப் போய் 1994ல ஜெயிச்சார். நஷ்டஈடு 1,000 ரூபாய்! (ஒரு அரியர் எக்ஸாம் ஃபீஸ் கட்டலாம்.)

இரண்டையும் பக்கத்துல வச்சுப் பாருங்க. ஆட்சியில இருந்த கட்சி வேற, கோபம் ஒண்ணுதான். ஆனா 1987ல ஆசிரியரை உள்ள தள்ள முடிஞ்சதே தவிர, இதழை ஒண்ணும் பண்ண முடியல. அது ஏற்கனவே பெட்டிக்கடைக்கும், சலூனுக்கும், மயிலாப்பூர் மாமிகள் வீட்டு பைண்டிங் வால்யூமுக்கும் போயாச்சு. 2025ல ஆசிரியரை யாரும் தொடல. யாரும் கைது ஆகல, யாரையும் சட்டசபைக்குக் கூப்பிடல. படிக்கிறவங்க பக்கத்துல இருந்துதான் பத்திரிகை காணாம போச்சு. அதுவும் பேப்பர்ல வராத இதழ், அதனால எந்தக் கடையிலயும் ஒரு காப்பிகூட கிடையாது. ஜெயிலுக்குப் போன ஆசிரியர் ஹீரோ ஆவார். லோடு ஆகாத பக்கத்தைப் பார்த்து ரெண்டு தடவை ரிஃப்ரெஷ் பண்ணிட்டு இன்ஸ்டாவுக்குப் போயிடுவோம், அவ்ளோதான்.

கதை அங்க முடியல. விகடன் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போச்சு. ஒரு பக்கத்துக்காக முழு சைட்டையும் முடக்க முடியாதுன்னு அவங்க வாதம். இறையாண்மையும் வெளிநாட்டு உறவும் பாதிக்கும்னு அரசு தரப்பு. மார்ச் 6 ஆம் தேதி நீதிபதி பரத சக்கரவர்த்தி ஒரு இடைக்கால உத்தரவு போட்டார். கார்ட்டூன் இருக்கிற பக்கத்தை விகடன் தற்காலிகமா எடுக்கணும், எடுத்ததும் அரசு தடையை நீக்கணும். சில நாள்ல சைட் திரும்ப வந்துச்சு. அந்தப் படம் உண்மையிலேயே இறையாண்மையைப் பாதிக்குதாங்கிற கேள்வியை அப்புறம் பார்க்கலாம்னு விட்டுட்டாங்க.

நம்ம பாஷையில சொன்னா, நடுவுல இருக்கிற நெட் கம்பெனியால செய்ய முடியாத ஒரு வேலையை சர்வர் வச்சிருக்கிறவங்ககிட்டயே கோர்ட் கொடுத்தது. ஏழாவது மாடியைப் பூட்ட பில்டிங் ஓனரால மட்டும்தான் முடியும். எக்ஸ், யூடியூப் மாதிரி வெளிநாட்டு கம்பெனிகளுக்கு அரசு உத்தரவு போனா, அவங்க குறிப்பிட்ட ஒரு போஸ்ட்டை மட்டும் இந்தியாவுல தெரியாம மறைக்கிறாங்க. சென்னையிலேயே ஆபீஸ் வச்சிருக்கிற, ஆசிரியர் பேர் வெளிப்படையா தெரிஞ்ச ஒரு பத்திரிகைக்கு முழு கதவையும் சாத்தினது எனக்கு எந்த விதத்துலயும் நியாயமா படல. படம் பிடிக்காதவங்களும் இதை ஒத்துக்கலாம்னு நினைக்கிறேன்.

ஃபைனல் இயர் ப்ராஜெக்ட்டுக்கு டாபிக் தேடிட்டு இருக்கிற ஜூனியர்ஸுக்கு ஒரு குறிப்பு. அந்த எஸ்என்ஐ பேரையும் மறைக்கிற ஈசிஎச்னு ஒரு டெக்னிக் இப்போ பிரவுசர்ல எல்லாம் வந்துட்டு இருக்கு. அது பரவினா நெட் கம்பெனிக்கு பில்டிங் பேரும் தெரியாது, ஏரியா மட்டும்தான் தெரியும். அப்போ மொத்த ஏரியாவையும் அடைப்பாங்களா, இல்ல முதல் நாளே பத்திரிகை ஆபீஸுக்கு ஒரு லெட்டர் போடுவாங்களான்னு யாராவது உட்கார்ந்து யோசிக்கலாம்.