துண்டும் தவணையும்

மன்னார்க் கரையில் வந்திறங்கி, காடும் காய்ச்சலும் சூழ்ந்த வடபாதையில் ஏறத்தாழ 150 மைல் கால்நடையாய் நடந்து, தம்புள்ளை வழியாக மாத்தளையை அடைந்த நம் முன்னோர், தோட்டத்தில் முதற் காப்பிப் பழத்தைப் பறிக்குமுன்னரே கடனாளிகளாகியிருந்தனர் என்பது சரித்திரம். வழிச்சோறு, கம்பளி, முன்பணம் என்று பெரிய கங்காணி எழுதிவைத்த கணக்கை வாசிக்கத் தெரிந்தோர் அவர்களுள் அரியர். பிற்காலத்தில், ஒரு தோட்டத்தை விட்டு மற்றொன்றுக்குப் போக வேண்டுமாயின், இன்ன தொகையைச் செலுத்தினால் ஆட்களை விடுவிக்கிறோம் என்று பழைய துரை எழுதித் தரும் ‘துண்டு’ என்னும் கடுதாசி வேண்டியிருந்தது. தோட்டத்துக்குத் தோட்டம் அந்தத் தொகை பெருத்துக்கொண்டே சென்றது. 1921-ஆம் ஆண்டின் சட்டம் அவ்வழக்கத்தை ஒழித்தது.

மோட்டார் வண்டி வாங்குவதைப் பற்றி எழுதப் புகுந்தவன் துண்டைப் பற்றிப் பேசுவானேன் என்று வாசகர் வினவலாம். லயத்து அறையில் பிறந்து, படித்து, ஆசிரியராகவோ தாதியாகவோ வங்கி உத்தியோகத்தராகவோ உயர்ந்த ஒருவர், கண்டியிலோ குருணாகலிலோ ஒரு ‘கார் சேல்’ மேசையின் முன் அமர்ந்து, ஆங்கிலத்தில் அச்சிட்ட லீசிங் ஒப்பந்தத்தின் பக்கங்களை இன்னொருவர் புரட்டப் புரட்ட, விரல் காட்டிய இடங்களிலெல்லாம் கையொப்பமிட்டு எழுந்து வருவதைக் காணுந்தோறும் எனக்கு அந்தப் பழைய கடுதாசியின் ஞாபகமே வருகிறது.

நம் நாட்டில் புதுக் காரின் விலையில் பெரும்பங்கு வரியேயாம். அந்நியச் செலாவணி நெருக்கடியால் 2020 மார்ச்சில் நின்றுபோன இறக்குமதி, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் திறந்துவிடப்பட்டது. இடைப்பட்ட ஐந்து வருஷங்களில், வாங்கிய விலையைக் காட்டிலும் அதிக விலைக்குப் பழைய வண்டியை விற்ற விநோதத்தை நாம் கண்டோம். விற்பவர் சொன்னதே விலை என்ற மனோபாவம் அப்போது வாங்குவோரிடமும் ஊறிவிட்டது. ஆனால் வரி இரகசியமன்று. கப்பற்கூலியும் காப்புறுதியும் சேர்ந்த இறக்குமதிப் பெறுமதியின் மேல் நூற்றுக்கு 20 சுங்கத் தீர்வை, அத்தீர்வையில் பாதி மேலதிகக் கட்டணம், எஞ்சினின் கன சென்ரிமீற்றரையோ மின்வண்டியாயின் மோட்டாரின் கிலோவாற்றையோ அளவுகோலாகக் கொண்ட உற்பத்தித் தீர்வை, குறித்த பெறுமதியைக் கடந்த வண்டிகளுக்குச் சொகுசு வரி, இவற்றோடு, இறக்குமதிப் பெறுமதியும் தீர்வைகளும் சேர்ந்த தொகையின் மேல் நூற்றுக்கு 18 பெறுமதி சேர் வரி என்பதே 2025-இல் வகுத்த ஏற்பாடு. இதைக் கூட்டிப் பார்ப்பவர், வண்டி துறைமுகத்தை விட்டு வெளியேறியபோது அதற்கு ஆன செலவைத் தோராயமாக அறியலாம். தீர்வை கட்டிய பத்திரத்தின் பிரதியைக் கேட்பதிலும் தவறில்லை. காட்டத் தயங்குபவரிடம் கோபங்கொள்ள வேண்டியதில்லை. தயங்கினார் என்பதை மனத்தில் குறித்துக்கொண்டால் போதும்.

அதே ஆண்டின் விதிகளில் மற்றொன்று வாங்குபவருக்கு அனுகூலமானது. இறக்குமதியான வண்டி 90 நாட்களுக்குள் பதிவாகாவிடின் மாதந்தோறும் அதன் இறக்குமதிப் பெறுமதியில் நூற்றுக்கு 3 வீதம் தாமதக் கட்டணம் ஏறும். ஆகவே முற்றத்தில் நிற்கும் வண்டி எந்தத் தேதியில் சுங்கத்தை விட்டு வந்தது என்று பேச்சுவாக்கில் விசாரித்துவிட்டுப் பேரம் பேசுகிறவர் புத்திசாலி.

‘பிராண்ட் நியூ’ என்றும் ‘ரீகண்டிஷன்’ என்றும் இரண்டு வார்த்தைகள் அங்கே கலந்து புழங்கும். பின்னது ஜப்பானில் ஓடித் தேய்ந்து, ஏலத்தில் எடுக்கப்பட்டு, இங்கே இன்னும் பதிவாகாதது. அதற்கு ஏலத்தாள் உண்டு. மதிப்பெண்ணும் ஓடிய தூரமும் கீறலும் நெளிவும் அதில் குறித்திருக்கும். ‘ஆர்’ என்ற எழுத்து இருந்தால் அது விபத்துக்குள்ளாகித் திருத்தப்பட்ட வண்டி. தாளிலுள்ள சாஸி இலக்கம் வண்டியில் பொறித்ததோடு ஒத்திருக்கிறதா என்று குனிந்து பார்க்கச் சங்கோசப்படலாகாது.

இவ்வளவு ஜாக்கிரதையாகப் பேசி இரண்டு இலட்சத்தைக் குறைத்த பின்னும் பத்து இலட்சத்தை இழக்கும் இடம் ஒன்று இருக்கிறது. “விலையை விடுங்க சேர், மாசம் எவ்வளவு கட்டலாம்?” என்று விற்பவர் இனிமையாகக் கேட்கும் அந்தக் கணமே அது. இரத்தோட்டையிலிருந்து போன ஆசிரியத் தம்பதியர் 50 இலட்சத்தை ஐந்து வருஷத் தவணைக்கு எடுக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். வட்டி நூற்றுக்குப் பத்துதான் என்று சொல்லி, முழு முதலுக்கும் ஐந்து வருஷ வட்டியாக 25 இலட்சத்தைக் கூட்டி, மாதம் 1,25,000 ரூபாய் என்று வகுத்துக் காட்டுவார்கள். மாதந்தோறும் முதல் குறைந்துவருகிறது. கடைசி வருஷத்தில் அவர்கள் கையில் இருப்பது அந்த 50 இலட்சத்தின் ஒரு சிறு பகுதியே. வட்டியோ முழுத் தொகைக்கும் போகிறது. மீதியாகும் முதலுக்கே வட்டி என்ற நியாயமான முறையில் கணித்தால் அந்தப் பத்து உண்மையில் ஏறத்தாழப் பதினேழு! ஆதலால் கேட்க வேண்டிய கேள்வி மாதத் தவணையைப் பற்றியதன்று. ஐந்து வருஷ முடிவில் மொத்தம் எவ்வளவு கொடுத்திருப்பேன் என்பதும், இடையில் முழுக்கடனையும் அடைத்தால் எவ்வளவு தள்ளுபடி என்பதுமே.

பழைய வண்டியை மாற்றாகக் கொடுப்பது, புதியதன் விலை, கடன் ஆகிய மூன்றையும் ஒரே மூச்சில் பேசுவது விற்பவருக்குச் சௌகரியம். ஒன்றில் விட்டுக்கொடுத்ததை மற்றொன்றில் சத்தமின்றி மீட்டுக்கொள்ளலாமன்றோ? பழைய வண்டிக்கு மாத்தளையிலேயே வேறிரண்டு பேரிடம் விலை கேட்டு வைத்துக்கொண்டு, கடனுக்கு முதலில் தம் சொந்த வங்கியை நாடி, அதன் பின்பே காரைப் பார்க்கப் போவது உத்தமம். காப்புறுதி, பதிவுச் செலவு, ‘டாக்யுமெண்ட் சார்ஜ்’ என்ற பெயரில் கடைசியில் முளைப்பவை எல்லாம் முதல்நாள் கொட்டேஷனிலேயே தனித்தனி வரிகளாக இருக்க வேண்டும்.

அமெரிக்காவில் 1958-ஆம் ஆண்டு செனட்டர் மைக் மொன்ரோனியின் முயற்சியால் வந்த சட்டம், தயாரித்தோர் குறித்த விலையையும் மேலதிகப் பொருத்துகளின் விலைகளையும் எழுதிய தாளைப் புதுக் கார் ஒவ்வொன்றின் கண்ணாடியிலும் ஒட்டச் செய்தது. இன்றும் அத்தாளை அவர் பெயரால் வழங்குகிறார்கள். நம் கார் சேல்களின் கண்ணாடிகளில் நான் பெரும்பாலும் கண்டது தொலைபேசி இலக்கத்தைத்தான்.

நமக்கு இருப்பது 2003-ஆம் ஆண்டின் 9-ஆம் இலக்கச் சட்டமும், அதன்கீழ் அமைந்த நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையும், 1977 என்ற அதன் தொலைபேசி இலக்கமும். கேட்டால் பற்றுச்சீட்டுக் கொடுக்க வியாபாரி கடமைப்பட்டவர். முறைப்பாட்டை எழுத்தில், வாங்கிய மூன்று மாதங்களுக்குள் கொடுக்க வேண்டும். அந்தக் கடிதத்தோடு இணைப்பதற்கு, விற்பவர் தேநீர்க் கோப்பையை நகர்த்திவிட்டுப் பழைய காலண்டர்த் தாளின் பின்புறத்தில் கிறுக்கிக் காட்டிய கணக்கு உதவாது. பெயரும் முத்திரையும் தேதியும் உள்ள கொட்டேஷன் வேண்டும். அதையும் கையொப்பமிடுவதற்கு முந்திய நாளே வாங்கி, வீட்டுக்குக் கொண்டுவந்து, இரவு விளக்கடியில் வைத்து வாசித்திருக்க வேண்டும்.