64 கட்டமும் 64 பிட்டும்



இறுதியாண்டு ப்ராஜெக்டுக்கு செஸ் புரோகிராம் எழுதலாமே என்றேன். "நம்ம லேப்ல போட்டிருக்கிறது 32 பிட் விண்டோஸ். 64 பிட்னா இரண்டு மடங்கு வேகம். இதுல எழுதி என்ன பிரயோசனம்?" என்றார்கள் வகுப்புத் தோழர்கள். நிஜந்தானா? பார்ப்போம்.

இந்த 'பிட்' பரீட்சை ஹாலில் பிடிபடும் பிட் அல்ல! 0 அல்லது 1 என்கிற ஓர் இலக்கம். பிராசஸர் ஒரே மூச்சில் எத்தனை இலக்கங்களைக் கையாள்கிறதோ, அதுவே அதன் அகலம்.

செஸ் போர்டிலும் 64 கட்டங்கள். வெள்ளைச் சிப்பாய் நிற்கும் கட்டத்துக்கு 1, மற்றதுக்கு 0 என்று போட்டால் எட்டுச் சிப்பாய்களும் ஒரே எண்ணில் அடங்கிவிடும். ஆறு வகைக் காய்கள், இரண்டு நிறம். ஆக 12 எண்களில் போர்டு முழுவதும் வந்துவிடும். இதன் பெயர் பிட்போர்டு. சிப்பாய் எண்ணை 8 இடம் நகர்த்தி, காலிக் கட்டங்களின் எண்ணோடு 'ஆண்ட்' செய்தால், யார் யார் முன்னேறலாம் என்பது ஒரேயடியாகத் தெரியும். 32 பிட்டிலோ போர்டை இரண்டு துண்டாக்க வேண்டும். நாலாம் வரிசைச் சிப்பாய் ஐந்தாம் வரிசைக்குப் போனால் துண்டு விட்டுத் துண்டு மாற்ற வேண்டும். இங்கே 64 பிட்டுக்கு லாபம் உண்மைதான்.

ஆனால் ஒவ்வொரு கட்டமாகப் பார்க்கும் புரோகிராமுக்கு அந்த லாபம் கிடைக்காது. என் அப்பா மண்டியில் மூட்டை தூக்குகிறவர். எங்க வீட்டில் காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள் நான். "ஒரு மூட்டை ஏத்த டெம்போ வந்தா என்ன, லாரி வந்தா என்ன?" என்பார் அப்பா. அதே கதைதான் இங்கேயும். போதாததற்கு, 64 பிட்டில் பாயிண்டர்களின் நீளம் இரட்டிப்பு. கேஷ் மெமரி சீக்கிரம் நிரம்பிவிடும்.

சரி, வேகமே இரட்டித்தாலும் ஆட்டம் இரட்டிக்குமா? நடு ஆட்டத்தில் ஒரு நிலையிலிருந்து சுமார் 35 நகர்த்தல்கள் சாத்தியம். ஒரு நகர்த்தல் கூடுதலாக யோசிக்க 35 மடங்கு வேலை. வேண்டாத கிளைகளை வெட்டும் ஆல்ஃபா-பீட்டா முறை, நகர்த்தல்களை நல்ல வரிசையில் பார்த்தால், இதைச் சுமார் 6 மடங்காகக் குறைத்துவிடும். இரண்டு மடங்கு வேகமோ அரை நகர்த்தலுக்குக்கூடக் காணாது! சிப்பைவிட யுக்தியே பெரிது.

1974-இல் ஸ்டாக்ஹோமில் நடந்த முதல் உலகக் கம்ப்யூட்டர் செஸ் போட்டியில் வென்ற சோவியத் புரோகிராம் கைஸ்ஸா, பிட்போர்டு யுக்தியை அப்போதே கையாண்டது. நம் வீட்டுக் கம்ப்யூட்டர் வகையில் ஏஎம்டி 64 பிட் சிப்பைக் கொண்டுவந்தது 2003-இல்தான். 2020-இல் ஸ்டாக்ஃபிஷ் நியூரல் நெட்வொர்க்கைச் சேர்த்துக்கொண்டது. 256 பிட் ரெஜிஸ்டரில் 16 சிறு எண்களை ஒரே நேரத்தில் கூட்டுகிறது. லாரி நிறைய மூட்டை! அகலம் அங்கே பலன் தருகிறது.

ஆகவே நண்பர்களே, லேப் மெஷினைக் குறை சொல்லி உட்கார வேண்டாம். சி மொழியின் 'லாங் லாங்' 32 பிட்டிலும் வேலை செய்யும். துண்டு போடுவதைக் கம்பைலரே பார்த்துக்கொள்ளும். ஒரே புரோகிராமை 32-லும் 64-லும் ஓட்டி நேரத்தை அளந்தால், அதுவே அருமையான ப்ராஜெக்ட். யாரெல்லாம் சேர்றீங்க?